1,57,79,17,500: ஒரு யுகத்தின் நாள் கணக்கும் அதன் பகாக் காரணிகளும்

2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. தென்காசியிலும் செங்கோட்டையிலும் அன்று சித்திரை முதல் நாள். புளியரையைத் தாண்டி மலையேறி ஆரியங்காவுக்குள் நுழைந்தால், அங்கே அன்று மீன மாதத்தின் கடைசி நாள். கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1198 மேடம் 1 என்பது மறுநாள் சனிக்கிழமைதான் பிறந்தது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இது எல்லோருக்கும் பழக்கமான சங்கதி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் கன்னியாகுமரி மாவட்டத்தின் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தமையால், அங்குள்ள பழைய பிரமாணங்களில், அதாவது பத்திரங்களில், கொல்லம் ஆண்டே எழுதப்பட்டிருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலும் இரு தேதிகளையும் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு.

இந்த ஒரு நாள் வேறுபாட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சரியானதே. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் நேரமாகிய சங்கராந்தி, சூரிய அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ்நாட்டு வழக்கு. கேரளத்திலோ, உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது ஏறத்தாழப் பிற்பகல் 1.12 மணிக்குள் நிகழ்ந்தால்தான் அன்று மாதப் பிறப்பு. அதைத் தாண்டினால் மறுநாள். ஆனால் இந்த விதி பாதி விடைதான். எந்த ஆண்டில் சங்கராந்தி அந்த இடைவெளிக்குள் விழும், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை விழும், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விழுமா என்ற கேள்விகளுக்கு விடை, பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண்ணின் பகாக் காரணிகளில் இருக்கிறது. அந்த எண் 1,57,79,17,500. சொல்லால் எழுதினால், நூற்று ஐம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது லட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு.

பஞ்சாங்கங்களின் முதற்பக்கங்களில் ஒரு சதுர்யுகத்துக்கு 43,20,000 ஆண்டுகள் என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கலியுகம் பிறந்து 3,600 ஆண்டுகள் கழிந்த கி.பி. 499 இல் தமக்கு வயது 23 என்று குறிப்பிடும் ஆரியபட்டர், அந்த 43,20,000 ஆண்டுகளில் பூமி தன்னைத்தானே 1,58,22,37,500 முறை சுற்றுகிறது என்று வகுத்தார். விண்மீன்களை வைத்து எண்ணப்படும் சுற்றுகள் இவை. சூரியனை வைத்து எண்ணும்போது ஆண்டுக்கு ஒரு சுற்று குறையும். ஆகவே முன்னதிலிருந்து 43,20,000 ஐக் கழிக்க வேண்டும். கழித்தால் 1,57,79,17,500 நாட்கள் கிடைக்கின்றன. கேரளத்தில் 683 இல் எழுந்த பரகிதம் என்னும் வானியல் கணித முறை ஆரியபட்டரின் எண்களைத் தழுவியது. தமிழ்நாட்டு வாக்கிய பஞ்சாங்கத்தின் வருட நீளமும் இந்த எண்ணிலிருந்து பிறப்பதே. மலைக்கு இருபுறமும் தேதி வேறானாலும், அடியில் இருக்கும் பெரிய எண் ஒன்றுதான். இன்று திருக்கணித முறையைப் பின்பற்றும் பஞ்சாங்கங்களில் வருட நீளம் வேறு என்பதால் நேரங்கள் சற்று மாறும். இங்கே சொல்லப்படுவது பழைய முறையின் கணக்கு.

முதலில் ஆண்டுகளின் எண்ணைப் பார்ப்போம். 43,20,000 ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁸ × 3³ × 5⁴ வருகிறது. 2, 3, 5 ஆகிய மூன்றைத் தவிர வேறு பகா எண் அதில் இல்லை. அதனால் அது எப்படி வேண்டுமானாலும் பங்கிட ஒத்துக்கொள்ளும் எண். அதற்கு 180 வகுத்திகள் உண்டு. நாழிகை, வினாழிகை என்று அறுபது அறுபதாகப் பகுக்கும் கணக்கோடு அது தங்குதடையின்றிப் பொருந்துவதற்கும் இதுவே காரணம், ஏனெனில் 60 இன் பகாக் காரணிகளும் அதே மூன்றுதான். ஆனால் வகுத்திகள் மிகுதி என்பதில் இதையும் விஞ்சிய ஓர் எண் மிக அருகிலேயே இருக்கிறது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளைக் கொண்ட எண்களை ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் தம் 1915 ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். அந்த வரிசையில் வரும் எண்களுள் ஒன்று 43,24,320. யுக எண் 4,320 × 1,000 என்றால், இது 4,320 × 1,001. ஆயிரத்தோடு ஒன்றைக் கூட்டியதும் 7, 11, 13 ஆகிய மூன்று புதிய பகா எண்கள் உள்ளே வந்துவிடுகின்றன. வகுத்திகள் 180 இலிருந்து 384 ஆக உயர்ந்துவிடுகின்றன. இவ்வளவு அருகருகே இருக்கும் இரண்டு எண்களின் குணம் இவ்வளவு வேறுபடுவது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

இனி நாட்களின் எண். 1,57,79,17,500 இன் கடைசி நான்கு இலக்கங்கள் 7,500. முழு எண்ணையும் 7,500 ஆல் வகுத்துப் பார்த்தால் மீதியின்றி 2,10,389 கிடைக்கிறது. 7,500 என்பது 2² × 3 × 5⁴. அதில் புதுமை ஒன்றும் இல்லை. 2,10,389 தான் கவனிக்க வேண்டியது. அது ஒற்றை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 23, ஆகவே 3 ஆல் வகுபடாது. 9 இல் முடிவதால் 5 ஆலும் வகுபடாது. 7 ஆல் வகுத்தால் மீதி 4. 11 ஆல் மீதி 3. 13, 17, 19 என்று ஒவ்வொரு பகா எண்ணாக மேலே போனால் எல்லாம் மீதி வைக்கின்றன. 53 ஆல் வகுத்தால் 32 மிஞ்சும், 59 ஆல் வகுத்தால் 54 மிஞ்சும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 458 ஐச் சற்றுத் தாண்டுவதால், 457 வரையுள்ள பகா எண்களையெல்லாம் சோதித்தாக வேண்டுமோ என்று சலிப்புத் தட்டும் வேளையில், பதினெட்டாவது பகா எண்ணாகிய 61 மீதியின்றி வகுக்கிறது: 61 × 3,449 = 2,10,389.

அடுத்து 3,449 பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு வகுத்தல்கூடத் தேவையில்லை என்பதே இதிலுள்ள அழகு. 3,449 இன் வர்க்கமூலம் 59 ஐத் தொடவில்லை. ஆகவே அது பகு எண்ணாக இருந்தால் 53 அல்லது அதற்குக் கீழுள்ள ஏதேனும் ஒரு பகா எண்ணால் வகுபட வேண்டும். அப்படி வகுபட்டிருந்தால் அதே பகா எண் 2,10,389 ஐயும் வகுத்திருக்கும். அவை ஒன்றுகூட வகுக்கவில்லை என்பதைத்தான் இப்போது பார்த்தோம். எனவே 3,449 பகா எண். யுகத்தின் நாள் எண் 2² × 3 × 5⁴ × 61 × 3,449 என்று முழுமையாகப் பிரிந்துவிட்டது.

இந்தப் பிரிப்பு கையில் இருந்தால் எண்ணின் மற்ற வகைப்பாடுகள் தாமே வந்துவிடும். அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 5 × 2 × 2, அதாவது 120 வகுத்திகள். ஆண்டுகளின் எண்ணைப்போல 365 மடங்குக்கு மேல் பெரிய எண்ணுக்கு அதைவிடக் குறைவான வகுத்திகள். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளையெல்லாம் கூட்டினால் 3,09,96,47,700 வருகிறது. எண்ணைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு. வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமானால் அது நிறை எண், குறைந்தால் குறை எண், மிகுந்தால் மிகை எண் என்பது பழைய பாகுபாடு. அந்த வகையில் இது மிகை எண். ஆனால் இந்த மிகுதி முழுக்க 7,500 என்ற பகுதியிலிருந்து வருவது. பெரிய பகா எண்கள் இந்தக் கூட்டுத்தொகைக்குக் கொடுப்பது மிகச் சொற்பம்: 61 இன் பங்கு 62/61 என்ற பெருக்கம், 3,449 இன் பங்கு 3,450/3,449 என்ற பெருக்கம், அவ்வளவே. இன்னொன்றையும் சொல்லிவிடலாம். 2,10,389 ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டாக இரு வழிகளில் எழுத முடியும்: 455² + 58² என்றும், 458² + 25² என்றும். 61, 3,449 இரண்டும் நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண்கள் என்பதால் கிடைக்கும் பேறு இது. முழு எண்ணுக்கு அந்தப் பேறு இல்லை. அதில் 3 ஒற்றைப்படை அடுக்கில் நிற்பதால் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுதவே முடியாது.

நாட்காட்டிக்கு முக்கியமானது அடுத்து வருவது. ஓர் ஆண்டின் நீளம் என்பது நாட்களின் எண்ணை ஆண்டுகளின் எண்ணால் வகுத்து வருவது. இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி அதே 7,500. சுருக்கினால் மேலே 2,10,389, கீழே 576. 61 க்கும் 3,449 க்கும் கீழே இணை இல்லாததால் இதற்கு மேல் சுருக்க வழியில்லை. முதலாம் பாஸ்கரர் ஏழாம் நூற்றாண்டில் சூரியனுக்குரிய குட்டகக் கணக்குகளை, அதாவது தொடர்ந்து வகுத்து வரும் மீதிகளைக் கொண்டு முழு எண் விடை காணும் கணக்குகளை, காட்டியது இந்தச் சுருங்கிய இரண்டு எண்களைக் கொண்டுதான். 576 ஆண்டுகளில் மிகச் சரியாக 2,10,389 நாட்கள். ஒரு வினாழிகைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓர் ஆண்டுக்கு 365 நாட்களும் அதற்கு மேல் 149/576 நாளும் என்று பொருள்.

576 என்பது 2⁶ × 3². அது 60 இன் கனமாகிய 2,16,000 ஐ 375 முறை சரியாக வகுக்கும். ஆனால் 60 இன் வர்க்கமாகிய 3,600 ஐ மீதியின்றி வகுக்காது. ஆகவே நாளை அறுபது நாழிகையாகவும், நாழிகையை அறுபது வினாழிகையாகவும், வினாழிகையை அறுபது தற்பரையாகவும் பகுக்கும்போது, இந்த ஆண்டின் நீளம் மூன்றாவது படியில், அதற்கு முன்னும் அல்லாமல் பின்னும் அல்லாமல், துல்லியமாக முடிந்துவிடுகிறது: 365 நாள், 15 நாழிகை, 31 வினாழிகை, 15 தற்பரை. பஞ்சாங்கக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகச் சொல்லிவரும் வருட அளவு இதுவே. அதில் தோராயம் எதுவும் இல்லை என்பதற்கு 576 இன் காரணிகளே சான்று. விண்ணில் நிகழும் உண்மையான ஆண்டைவிட இது சுமார் 3 நிமிடம் 20 விநாடி நீளம் என்பது வேறு விஷயம். எண்ணின் உட்கணக்கில் பிசகு இல்லை.

இனி சங்கராந்திக்கு வரலாம். ஒவ்வோர் ஆண்டும் மேட சங்கராந்தி முந்தைய ஆண்டைக் காட்டிலும் 149/576 நாள் தாமதமாக நிகழ்கிறது. 149 ஒரு பகா எண்; 576 இல் 2 உம் 3 உம் மட்டுமே உண்டு; ஆகவே இரண்டும் சார்பகா எண்கள். ஒரு நாளை 576 சம பாகமாக்கினால் ஒரு பாகம் இரண்டரை நிமிடம். சார்பகா எண்களாக இருப்பதன் விளைவு என்னவென்றால், 576 ஆண்டுகளில் சங்கராந்தி அந்த 576 இடங்களில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை நின்று செல்லும். எந்த இடத்தையும் விட்டுவிடாது, எந்த இடத்துக்கும் இரண்டாம் முறை வராது. அந்தக் காலத்தில் 366 நாள் கொண்ட ஆண்டுகள் சரியாக 149, மற்ற 427 ஆண்டுகளுக்கு 365 நாள். ஆங்கில நாட்காட்டியில் அதே 576 ஆண்டுகளுக்குச் சராசரியாக 140 க்குச் சற்றுக் குறைவான மிகுநாள் ஆண்டுகளே வருகின்றன. இந்த ஒன்பது நாள் சொச்சம்தான் சித்திரைப் பிறப்பை ஏறத்தாழ 62 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஏப்ரலுக்குள் மேலும் மேலும் தள்ளிக்கொண்டு போகிறது.

பகலை 30 நாழிகை என்று கொண்டால், தமிழ்நாட்டு விதியும் கேரள விதியும் பிரியும் இடைவெளி 18 நாழிகைக்கும் 30 நாழிகைக்கும் நடுவே உள்ள 12 நாழிகை. அது நாளில் ஐந்தில் ஒரு பங்கு, 288 நிமிடம். இரண்டரை நிமிட இடங்களாக எண்ணினால் 115 இடங்கள் முழுதாக அடங்கி, சிறிது மிஞ்சும். எனவே 576 ஆண்டுகளில் 115 அல்லது 116 ஆண்டுகளில் மட்டுமே சித்திரை 1 உம் மேடம் 1 உம் வேறு வேறு நாளில் வரும். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. சங்கராந்தி ஆண்டுக்குப் பதினைந்தரை நாழிகை தாண்டிச் செல்ல, இடைவெளியின் அகலமோ 12 நாழிகைதான் என்பதால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இப்படி நேரவே நேராது. நான்கு ஆண்டுகள் சேர்ந்தால் 596/576 நாள். ஒரு முழு நாள் போக 20/576 மிஞ்சும், அதாவது சரியாக 50 நிமிடம். ஆகவே ஓர் ஆண்டில் சங்கராந்தி இந்த இடைவெளியின் தொடக்கத்தில் விழுந்துவிட்டால், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை 50 நிமிடம் தள்ளித் தள்ளி, ஐந்தாறு முறை அதற்குள்ளேயே விழும். 2023 இல் வாக்கியக் கணக்கின்படி அது பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி நிகழ்ந்தது. 2027 இலும் 2031 இலும் மீண்டும் செங்கோட்டையில் ஒரு நாளும் ஆரியங்காவில் மறுநாளுமாக மாதம் பிறக்கும். விஷுவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: கனி காண்பது விடியற்காலையில் என்பதால், சங்கராந்திக்குப் பின் வரும் முதல் உதயத்தையே அதற்குக் கொள்கிறார்கள். 2022 இல் சங்கராந்தி ஏப்ரல் 14 காலையில் உதயத்துக்குப் பின் நிகழ்ந்ததால் மேடம் 1 அன்றைக்கே வந்தும், விஷு 15 ஆம் தேதி கொண்டாடப்பட்டது. அந்த ஆண்டின் வேறுபாட்டை மாதப் பிறப்பு விதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எண் சற்றே மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குக் கற்பனை வேண்டியதில்லை. வடநாட்டில் பெரிதும் வழங்கும் சூரிய சித்தாந்தம் என்னும் வானியல் நூல் அதே 43,20,000 ஆண்டுகளுக்கு 1,57,79,17,828 நாட்கள் என்கிறது. வேறுபாடு 328 நாட்கள்தான்; ஆண்டொன்றுக்குப் பங்கிட்டால் ஆறரை விநாடியைச் சற்றே தாண்டும். ஆனால் காரணிகளின் கண்கொண்டு பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். 828 இல் முடியும் அந்த எண் 4 ஆல் வகுபடும். 3 ஆலும் வகுபடாது, 5 ஆலும் வகுபடாது, 8 ஆலும் வகுபடாது. ஆண்டு எண்ணோடு அதற்குள்ள மீப்பெரு பொது வகுத்தி வெறும் 4. சுருக்கினால் கீழே 10,80,000 நிற்கிறது. முழு நாட்களில் வட்டம் முடிய ஆரியபட்டர் எண்ணுக்கு 576 ஆண்டு போதும். இதற்குப் பத்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டு வேண்டும். வருட நீளமும் மூன்றாவது படியில் நிற்காமல் நான்காவதுக்கு ஓடுகிறது: 365 நாள், 15 நாழிகை, 31 வினாழிகை, 31 தற்பரை, அதற்கு மேலும் 24. ஓலையும் சோழியும் வைத்துக் கணித்தவர்களுக்கு எந்த எண் கைக்கு அடங்கியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆரியபட்டர் குறிப்பிட்ட 3,600 ஆண்டுக்கு அவரது எண்ணின்படி 13,14,931 நாட்களும் கால் நாளும் வருகின்றன. கலி உதயத்தில் தொடங்கியதாகக் கொண்டால் அது நண்பகலில் போய் நிற்கிறது. 3,600 ஐ 576 ஆல் வகுத்தால் ஆறேகால் என்பதே அந்தக் கால் நாளின் மூலம். இப்படியெல்லாம் பொருந்துவது தற்செயல் என்று நான் கருதவில்லை. வானத்தைப் பார்த்து அளந்ததோடு, வகுபடும் தன்மையையும் பார்த்தே அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு சங்கராந்தி நேரம் மீண்டும் எப்போது வரும் என்று கண்டுபிடிக்கக் குட்டகம் உதவுகிறது. 576 ஐ 149 ஆல் வகுத்தால் மீதி 129. 149 ஐ 129 ஆல் வகுத்தால் 20. 129 ஐ 20 ஆல் வகுத்தால் 9. 20 ஐ 9 ஆல் வகுத்தால் 2. 9 ஐ 2 ஆல் வகுத்தால் 1. இந்த ஈவுகளைக் கீழிருந்து மேலாகக் கோத்துக்கொண்டு போனால் 259 என்ற எண் கிடைக்கிறது. சரிபார்க்கலாம்: 149 × 259 = 38,591. 576 × 67 = 38,592. ஒன்றுதான் குறைவு. ஆகவே 259 ஆண்டு கழித்துச் சங்கராந்தி அதே நேரத்துக்கு இரண்டரை நிமிடம் முன்னதாக வரும். 576 இலிருந்து 259 ஐக் கழித்தால் 317. அத்தனை ஆண்டு கழித்து அது இரண்டரை நிமிடம் பின்னதாக வரும். 2023 இன் நேரத்தை எடுத்துக்கொண்டால், 2282 இல் மயிரிழை முன்னும், 2340 இல் மயிரிழை பின்னுமாக வந்து, 2599 இல் அச்சொட்டாக அதே நேரத்தில் நிற்கும். ஆனால் கிழமை மாறியிருக்கும்: 2,10,389 ஐ ஏழால் வகுத்தால் மீதி 4 என்பதால், 2023 இல் வெள்ளிக்கிழமை நிகழ்ந்தது 2599 இல் செவ்வாய்க்கிழமை நிகழும். அதே நேரமும் அதே கிழமையும் ஒருங்கே சேர வேண்டுமானால் 576 ஐ ஏழால் பெருக்கி வரும் 4,032 ஆண்டுகள் கழிய வேண்டும். அது கி.பி. 6055 இல்.